ஃபார்மட் என்னும் பரிகாரம்

கணினி பழுதுபட்டால் ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்கிறார்களே, அதைவிட அறிவுக்கு விரோதமான வாக்கியம் இன்றைய தமிழ்நாட்டில் புழக்கத்தில் இல்லை என்பது நம் துணிபு. சொல்பவர் பழுது பார்க்கிறவர். கேட்பவர் பெரும்பாலும் படித்தவர், பட்டம் பெற்றவர். இருவருக்கும் நடுவே மேசைமேல் ஒரு திரை இருக்கிறது. அத்திரையில் நான்கைந்து சொற்களும் ஓர் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை இருவருமே வாசிப்பதில்லை. வாசிக்காமலே நோய் முடிவாகி, பரிகாரமும் முடிவாகிவிடுகிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் கிராபிக்ஸ் டிரைவருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். பிரதியை வாசிப்பது எப்படி, பிரதிக்குள் ஒளிந்திருக்கும் மௌனங்களை வாசிப்பது எப்படி, ஆசிரியன் எப்போது இறந்தான் என்றெல்லாம் சிற்றிதழ்களில் ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தவர்கள், தம் கண்ணெதிரே ஒரு பிரதி தோன்றி மறைகையில் கையைப் பிசைந்துகொண்டு கடைக்குத் தொலைபேசுகிறார்கள். அந்தக் காட்சியைத்தான் நாம் கேள்விக்கு உட்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் இருக்கிறது, தொழில்நுட்பமாக இருக்கிறது என்பவை சாக்குகள். ஃபூக்கோவும் தெரிதாவும் என்ன, தமிழிலா எழுதினார்கள்?

இதிலுள்ள நட்டம் எத்தகையது என்பதற்கு நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையை அறிந்தவர்களுக்குக் கல்வராயன் மலை புதிதல்ல. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களை (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஆய்வு மாணவர் ஒருவர் சேகரித்து வந்தார். சாமை அறுக்கையில் பாடுவது, பிள்ளையைத் தூங்கவைக்கையில் பாடுவது, இழவு வீட்டில் பாடுவது என்று ஒலியும் காட்சியுமாக மூன்றாண்டுப் பதிவுகள். அவற்றைத் தொகுக்கவென்று தனி கிராபிக்ஸ் கார்டு பொருத்திய புதிய மேசைக்கணினி ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினார். பெட்டியைப் பேருந்தின் பின்னிருக்கையில் ஏற்றி, கொண்டையூசி வளைவுகளில் கட்டிப்பிடித்துக்கொண்டு மலைக்குக் கொண்டுசென்றார். கைப்பேசியில் இடம் போதாததால் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியைக் காலிசெய்தார். எல்லாரையும்போல் முகப்புத் திரையிலேயே கோப்புறை வைத்தார். முகப்பு என்பது சி பிரிவுக்குள் அடக்கம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரங்களில் திரை கண்சிமிட்டத் தொடங்கியது. காட்சியைத் தொகுக்கும்போது கருத்து, இரண்டு நொடியில் மீளும். சில நாட்களில் மீளாமல் நீலத்திரையாகி ‘வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்’ என்று காட்டிவிட்டு நின்றுபோகும். பெட்டியை மறுபடி கீழே கொண்டுவந்தார். கடையில் திரையைப் பார்த்த மாத்திரத்தில் ‘டிரைவர் ப்ராப்ளம், ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்றார்கள். அடித்தார்கள். பாடல்கள் போயின. மூன்றாம் நாள் அதே கருந்திரை, அதே நீலத்திரை, அதே சொற்கள்.

ஃபார்மட் பாடல்களை மட்டுமா அழித்தது? முதல் பிழை எந்நாளில், எந்த வேலையின்போது தோன்றியது என்று இயங்குதளம் எழுதிவைத்திருந்த நிகழ்வுப் பதிவேட்டையும் சேர்த்தே அழித்திருந்தது. பழுதுக்கு இருந்த ஒரே சாட்சியத்தை எரித்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினார்கள். கடைசியில் கேபினெட்டின் பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தால், கார்டைப் பிடித்திருக்க வேண்டிய திருகாணியே பூட்டப்படவில்லை. மலைப்பாதையின் குலுக்கலில் கார்டு தன் செருகியிலிருந்து ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டிருந்தது. அழுத்திச் செருகித் திருகாணி பூட்டியபின் அந்தத் திரை கண்சிமிட்டவில்லை. திருகாணிக்கும் வன்தட்டுக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. மூன்றாண்டு உழைப்பு அழிந்ததற்குக் காரணம் பழுது அன்று, சிகிச்சை.

அந்த நீலத்திரை உண்மையில் என்ன சொன்னது? டி.டி.ஆர். என்பது விஸ்டா காலந்தொட்டு விண்டோஸில் இருக்கும் ஓர் ஏற்பாடு. இயங்குதளம் கிராபிக்ஸ் கார்டிடம் ஒரு வேலையைத் தருகிறது. இரண்டு நொடி காத்திருக்கிறது. பதில் வராவிட்டால் கார்டு உறைந்துவிட்டதாகக் கருதி அதையும் அதன் டிரைவரையும் மீட்டமைத்துத் தொடர முயல்கிறது. முயற்சி பலித்தால் திரை ஒருகணம் கருத்து மீளும், பதிவேட்டில் 4101 என்ற எண்ணில் ஒரு குறிப்பு விழும். பலிக்காவிட்டால் நீலத்திரை. ஆக, அச்செய்தியின் முழுப் பொருளும் ‘கேட்டேன், இரண்டு நொடி பொறுத்தேன், பதில் இல்லை’ என்பதுதான். ஏன் பதில் இல்லை என்பதை அது சொல்லவே இல்லை. வெப்பமாக இருக்கலாம், மின்சாரம் போதாமையாக இருக்கலாம், கார்டின் நினைவகம் பழுதாக இருக்கலாம், டிரைவரே தவறாக எழுதப்பட்டிருக்கலாம், ஒரு திருகாணியாகவும் இருக்கலாம். டிரைவர் என்ற சொல் காதில் விழுந்ததும் குற்றவாளி அதுவே என்று தீர்த்தது செய்தியன்று, செய்தியைப் படிக்காதவர்.

டிரைவருக்குத் தமிழில் ‘இயக்கி’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அறிந்தோ அறியாமலோ நல்ல காரியம் செய்திருக்கிறார். சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துத் திரும்புவது ஓர் இயக்கிக்குத்தான். நம் மாவட்டத்துத் திருநறுங்கொண்டை போன்ற சமணத் தலங்களை அறிந்தவர்களுக்கு யட்சியர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. தீர்த்தங்கரருக்கு அருகில் நிற்கும் பரிவாரத் தெய்வம். மூலவர் அல்லர். கணினி இயக்கியும் அப்படியே, இயங்குதளத்துக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று ஒருவர் சொல்வதை மற்றவருக்குப் புரியவைக்கிற ஏவலாள். மூலவர் மௌனமானதற்குப் பரிவாரத்தைத் தண்டிப்பதும், அதற்காகக் கோயிலையே இடித்துக் கட்டுவதும் எந்த ஆகமத்தில் இருக்கிறது?

செய்தி ஒன்றைச் சொல்ல, காரணம் வேறொன்றாக இருப்பது மலைமேல் மட்டும் நடப்பதன்று. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைச் செயலிகளைப் பொருத்திய புத்தம்புதுக் கணினிகளில் விளையாட்டு மென்பொருள்கள் திடீரென்று நின்றுபோயின. ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று திரை சொன்னது. நம்பியவர்கள் கிராபிக்ஸ் கார்டைக் குறைசொன்னார்கள், டிரைவரை மாற்றினார்கள், கார்டையே மாற்றியவர்களும் உண்டு. நினைவகம் தாராளமாக இருந்தது. கடைசியில் 2024இல் இன்டெலே ஒத்துக்கொண்டது: குற்றம் செயலியில். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் செயலிக்குள் இருக்கும் ஒரு மின்சுற்று காலப்போக்கில் தேய்ந்துகொண்டிருந்தது. நிறுவனம் உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது, திருத்தங்களை வெளியிட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன செயலியை அத்திருத்தங்களால் மீட்க முடியவில்லை. அந்தக் கணினிகளில் எத்தனை ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும்? ஒன்றாவது பலித்திருக்குமா?

இங்கே நிறுவனங்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்தார். குன்றக் கூறல் முதற்குற்றம், மயங்க வைத்தல் அவற்றுள் ஒன்று. இவ்விரண்டிற்கும் உதாரணம் தேடி மாணவர் முன் தவிக்கும் ஆசிரியர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வற்றாத சுரங்கம். 2015இல் விண்டோஸ் 10ஐ நிறுவ முயன்றவர்களுக்கு அது காட்டிய ஒரு பிழைச்செய்தி ‘சம்திங் ஹேப்பண்ட்’. ஏதோ நடந்தது. தலைப்பும் அதுவே, விளக்கமும் அதுவே! பழைய இலக்கணத்தில் செப்பு வழு என்றொரு வகை உண்டு, கேட்டதற்கு இயையாத விடை. வினாவே எழாதபடி விடைசொல்லும் இந்தப் புதுவகைக்கு நம் இலக்கணத்தில் இடம் இல்லை.

மறைப்பதற்கு வணிகக் காரணமும் உண்டு. விஸ்டா வெளிவந்த 2007இல் அதன் முடக்கங்களில் 28.8 சதவீதம் என்விடியா நிறுவனத்தின் டிரைவர்களால் நேர்ந்தவை என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கிலேயே இருந்தது. அது ஊருக்குத் தெரிந்தது அடுத்த ஆண்டில், அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் உள்மின்னஞ்சல்கள் வெளிப்பட்டபோதுதான். அதுவரை உலகெங்கும் பயன்படுத்துவோர் தம் கைதான் ராசியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2010 மார்ச்சில் அதே என்விடியா வெளியிட்ட ஒரு டிரைவர், கார்டின் விசிறியைக் கட்டுப்படுத்தத் தவறிச் சூடேற்றியதால் திரும்பப் பெறப்பட்டது. 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே அந்நிறுவனத்தை நோக்கி விரலைக் காட்டி வசைபாடியதற்கும் காரணம் டிரைவரின் உள்ளடக்கத்தைத் திறந்து காட்டாமைதான். பத்தாண்டு கழித்து, 2022 மே மாதத்தில், லினக்ஸுக்கான கெர்னல் பகுதியின் மூலநிரலை மட்டும் அவர்கள் திறந்தார்கள். 2025 தொடக்கத்திலும் அவர்களது புதிய 50 வரிசைக் கார்டுகளில் கருந்திரைப் புகார் எழுந்து, திருத்தத்துக்குமேல் திருத்தம் வெளியிட நேர்ந்தது. புதிய கணினியில் பழுது வருவது உங்கள் ஊழ்வினையன்று.

அப்படியானால் எங்கே தொடங்குவது? வாசிப்பிலிருந்துதான். திரையில் தோன்றியதைக் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், எண் உட்பட. ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பகுதியில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற தலைப்பின்கீழ் என்ன பெயர் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். கார்டின் பெயர் இல்லாமல் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் உரிய டிரைவர் ஏறவே இல்லை என்று பொருள். எழுத்துகள் பெருத்துத் திரை மங்கலாகத் தெரிவது அதனால்தான். பதற்றத்துக்கு இடமில்லை, கார்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதைத் திறந்து எண்ணைப் பார்க்க வேண்டும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க இயலவில்லை. 43 என்றால் கருவியே தன்னிடம் கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. முதலிரண்டும் மென்பொருளின் பக்கம் கைகாட்டுபவை. 43 இருபக்கமும் காட்டும், ஆகவே பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லும்.

நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் இடையில் என்ன மாறியது என்று கேட்பது அடிப்படை. பல வேளைகளில் மாறியது நாம் அறியாமலே மாறியிருக்கும். இணையத்தில் சேர்த்தவுடன் விண்டோஸ் தானாகவே வேறொரு டிரைவரை இறக்கி ஏற்றிவிடும். அதே டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’ என்ற பொத்தான் இருக்கிறது, பழைய டிரைவருக்குத் திரும்ப. அதுவும் பலிக்காவிட்டால் ‘சேஃப் மோட்’ எனும் குறைந்தபட்ச நிலையில் கணினியைத் தொடங்கி, டிரைவரை மட்டும் வேரோடு நீக்கிப் புதிதாக ஏற்றலாம். இதற்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது. இந்த வேலைகளில் எதுவும் உங்கள் கோப்புகளைத் தொடாது.

திரையே வரவில்லை என்றால் பார்க்க வேண்டியது இன்னும் எளியது. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். பெயரின் ஈற்றில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே மதர்போர்டு வழியாக எந்நாளும் காட்சி வராது. அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். கார்டு அமரும் செருகி அதிகபட்சம் 75 வாட் தரும், அதற்குமேல் வேண்டும் கார்டுக்குத் தனிக் கம்பி செருகியாக வேண்டும். பெட்டியோடு வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். அந்தச் சுமையைத் தாங்குமா என்பது அதன் ஒட்டுச்சீட்டிலேயே எழுதியிருக்கும். அதுவும் வாசிப்பதற்கு எழுதப்பட்டதுதான். (ராமைக் கழற்றிப் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் போடும் கைவைத்தியத்தை நாம் பழிக்க மாட்டோம். தொடுமுனையின் மாசை நீக்குகிறோம் என்று காரணம் அறிந்து செய்கிறார்கள், பலமுறை பலித்தும் இருக்கிறது.)

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டில் கபிலர் தீப்புகுந்த செய்தி இருக்கிறது, இராசராசன் காலத்து எழுத்து. கல்லில் எழுத்து தேய்ந்து மயக்கம் தந்தால், கல்லைக் கொத்திச் சமன்செய்துவிட்டுப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் தமிழ்த்துறைகள் கொதித்தெழாதா? திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சால் கல்வெட்டுகளைச் சிதைத்தபோது கண்டனம் எழுதியவர்கள்தாம், சொந்த மேசைமேல் அதே மணல்வீச்சு நடக்கையில் காசு எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கடைப் பையன்கள்மேல் பழிபோடுவது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. ஃபார்மட்டுக்கு ஊரில் ஒரு விலை உண்டு. பழுதின் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு விலை கிடையாது. இரண்டு மணி நேரம் பதிவேட்டைப் படித்து, ஒரு திருகாணியைப் பூட்டிக் கொடுத்தால் ‘திருகாணி பூட்ட இவ்வளவா’ என்று சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர்தாம், ஃபார்மட் என்றால் மறுபேச்சின்றிப் பணம் தருகிறார். அறிவுக்குக் கூலி தராத சந்தையில் சடங்குதான் விற்கும். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தின் கலைஞர்களிடம் போய்ப் பாருங்கள். உளியை வைக்குமுன் மரத்தின் நார் எப்படி ஓடுகிறதென்று பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் சிற்பத்தின் விலை. கணினிக் கடையில் மட்டும் பார்வைக்கு விலை தர ஏன் மனம் வரவில்லை?

தமிழறிஞர் உலகத்தின் பங்கு இதனினும் பெரிது. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகைக்குத் தரம் வகுத்தது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலேயே தமிழ் இடைமுகம் வந்தது. கலைச்சொல் அகராதிகள் பெருகின. வன்தட்டு, வரைகலை, இயங்குதளம் என்று சொல் இருக்கிறது. சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதினார்களா? இயக்கி என்பதா செலுத்தி என்பதா என்று கருத்தரங்கில் இரண்டு அமர்வு சண்டையிட்டவர்கள், அந்த இயக்கி பழுதானால் செய்ய வேண்டியதைக் கச்சிராயபாளையத்து மாணவி படித்துப் புரிந்துகொள்ளும்படி இரண்டு பக்கம் எழுத முன்வரவில்லை. எழுதியவர்கள் இலக்கணம் அறியாத தொழில்நுட்ப இளைஞர்கள், தம் ஓய்வு நேரத்தில், ஊதியமின்றி. அவர்கள் எழுத்தில் சந்திப்பிழை பொறுக்கிப் பட்டியலிட்டதுதான் புலவர் உலகம் செய்த உதவி.

2011இல் தொடங்கி அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி தந்தது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமே முன்வந்து வழக்கெடுக்கும் அளவுக்கு அடிப்படை வசதிகள் பின்தங்கிய மலை அது. அங்கிருந்து ஒரு கருந்திரையைக் காட்டக் கீழே இறங்குவதென்றால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணமும் போகும், மேலே சொன்னதுபோல் மூன்றாண்டு உழைப்பும் போகக்கூடும். கருவியைத் தருகிறவர்கள் கூடவே தமிழில் ஒரு பழுதுநூலும் தர வேண்டும் என்று கோரிக்கை வைக்கத் தமிழ்த்துறைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜர் காட்டும் எண்களில் 10, 12, 28, 31, 43, 52 ஆகிய ஆறும் கிராபிக்ஸ் பழுதுகளில் எதிர்ப்படக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் இது சொல்வது என்ன, சொல்லாமல் விடுவது என்ன, முதலில் எதைத் திறந்து பார்ப்பது, எதைச் செய்யவே கூடாது என்று பொழிப்புரை எழுதுவது தமிழ் முதுகலை மாணவர்களுக்கு ஒரு பருவத்தின் ஒப்படைப்பு வேலை. ‘பயன்பாட்டுத் தமிழ்’ என்ற பெயரில் விடுப்பு விண்ணப்பம் எழுதவைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் வரும் பருவத்தில் அதை நிறுத்திவிட்டு இதைத் தரட்டும். எழுதியதைக் கணினித்துறை ஆசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, நகலெடுத்து, கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் உள்ள பழுதுநீக்கும் கடைகளின் மேசைகளில் ஒட்டச் சொல்லலாம்.